எனக்காக மலையேறிய கால்கள்

போன தைப்பூசத்துக்குச் சின்னாளப்பட்டியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனபோது நடந்தது இது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சர்க்கரை நோயால் சில வருடங்களாகவே பாதங்களில் நரம்பு வலி. ராத்திரியானால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும்.

வாதநாராயண இலையை நல்லெண்ணெயில் காய்ச்சித் தேய்த்தேன். எரிச்சல் அடங்கியது. சில மாதங்களில் அறவே போய்விட்டது. வலியே போனபின் மாத்திரை எதற்கு என்று சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினேன். என் மனைவி, "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துங்களேன்" என்றாள். "என்னை விட உனக்குத் தெரியுமோ?" என்று அவள் வாயை அடைத்தேன். அத்தோடு விட்டேனா? பக்கத்து வீட்டு நெசவாளத் தம்பிக்கும் சர்க்கரை. அவரிடமும் எண்ணெயைக் கொடுத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

இருவரும் சேர்ந்துதான் வெறுங்காலில் நடந்தோம். கூட்டத்தில் அவர் முன்னால் போய்விட்டார். ஒட்டன்சத்திரத்துக்குச் சற்று முன்னால், நடப்பவர்களுக்குக் கால் பிடித்துவிடும் பந்தலில் நான் உட்கார்ந்தேன். ஓர் அம்மா, காய்கறித் தோட்டக்காரர் வீட்டுப் பெண், என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் பெருமையாக என் எண்ணெய்ப் புட்டியை நீட்டினேன்.

"எண்ணெய் கெடக்கட்டுமுங்க. ஏனுங்கய்யா, கால்ல இத்தாச்சோடு பெரிய கண்ணாடித் துண்டு ஏறியிருக்குது, வலிக்கலீங்களா?"

குனிந்து பார்த்தேன். உள்ளங்காலில் ரத்தமும் மண்ணும் அப்பியிருந்தன. எப்போது குத்தியது என்றே தெரியவில்லை.

"எங்கய்யனும் வலி போயிருச்சுன்னுதான் சொன்னாருங்க. கடைசில வெரலை எடுத்தாங்க" என்றவர், தக்காளி ஏற்றிப் போக நின்ற வண்டியிலிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

நான் எழவில்லை. "வண்டி ஏறமாட்டேன்மா. நடந்தே வாரேன்னு முருகன்ட்ட வேண்டியிருக்கேன்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "மிச்சத்த உங்களுக்காவ நான் நடக்கறனுங்க. போதுமுங்களா? ஏறுங்க."

எந்த ஊர் என்று கேட்டார்; சொல்லிவிட்டு ஏறினேன்.

ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரியில் மருத்துவர் கண்ணாடியை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். "எண்ணெயும் ஒத்தடமும் இதமா இருக்கும், தப்பில்ல. ஆனா உங்க வலி எண்ணெயில போகலய்யா. சர்க்கரை ஏறி ஏறி உணர்ச்சி செத்துப்போச்சு. இன்னும் ரெண்டு நாள் நடந்திருந்தா கால் தப்பியிருக்காது" என்றார்.

என் காலை விட அந்தத் தம்பியை நினைத்துத்தான் பயந்தேன். படுக்கையிலிருந்தே போன் செய்தேன். "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. இன்னைக்கே மாத்திரையைப் போடு."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நான் எங்க சார் நிறுத்துனேன்? உங்க மனசு நோகுமேன்னு ஒளிச்சு வச்சுல்ல முழுங்கிட்டிருந்தேன்!"

என்னை ஏமாற்றியதற்காக ஒரு மனிதருக்கு நான் நன்றி சொன்னது அன்றுதான்.

அந்தத் தம்பி ஊர் திரும்பியபோது ஒரு திருநீற்றுப் பொட்டலம் கொண்டுவந்தார். "அந்தம்மா அடிவாரத்துல நம்ம ஊர்க்காரங்களைத் தேடிப் பிடிச்சுக் குடுத்தாங்க சார். உங்களுக்காக நடந்து மலையேறிட்டேன்னு சொல்லச் சொன்னாங்க."

மனைவியிடம் வீடு திரும்பிய அன்றே மன்னிப்புக் கேட்டேன். "அடைச்ச என் வாயை இப்பவாவது தொறந்தீங்களே" என்று சொல்லிவிட்டு, மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

எண்ணெயை நான் விட்டுவிடவில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையோடு சேர்த்துத் தேய்க்கிறேன். தேய்க்குமுன் காலைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்த அம்மா யார், எந்த ஊர் என்று அன்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆனால் இன்று என் காலில் நான் நடக்கிறேன் என்றால், மீதி வழியை எனக்காக அவர் நடந்ததால்தான்.