தெரியாத நம்பருக்குச் சொன்ன பிறந்த நேரம்

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். செம்பனைக் காட்டில் பாம்பு குறுக்கே போனால், "நீ போ, உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தவன். அப்பேர்ப்பட்ட வீரன் இன்று கோல சிலாங்கூரில் டெரஸ் வரிசை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கைப்பேசி மணிக்கு நடுங்குகிறேன். தெரியாத நம்பர் வந்தால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன், என்னவோ அது என்னைப் பார்த்துவிடும் போல. வீட்டைப் பூட்டும் முன் கேஸ் அடுப்பைப் படம் எடுத்துக்கொள்வேன். பாதி வழியில் சந்தேகம் வந்தால் பார்த்து மனம் ஆற வேண்டுமே! என் போனில் மகளின் படத்தைவிட அடுப்பின் படம்தான் அதிகம்.

மோசடிக்காரர்களைப் பற்றி ஊரை எச்சரிக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். "இப்போ தமிழ்லயே பேசுறானுங்க, பிள்ளைங்க பேரைச் சொல்றானுங்க, உஷார்!" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினம் ஒன்று போடுவேன். மகள் அந்தக் குரூப்பை மியூட் செய்து வருஷக்கணக்காகிறது. என் தங்கை மட்டும் தவறாமல் கட்டைவிரல் போடுவாள். படிக்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை மனைவி என்னிடம் ஏதோ சொன்னாள். நான் காதில் இயர்போனோடு மோசடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அவள் சொன்னது, "ரெண்டு நாள்ல மகள் விஷயமா ஒரு போன் வரும், ஒழுங்கா பேசுங்க" என்பது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையே அந்தப் போன் வந்தது. வீடியோவைத் தள்ளப் போன விரல் பச்சைப் பொத்தானில் பட்டுத் தொலைத்தது.

"வணக்கம் அண்ணே, கலும்பாங்கிலேர்ந்து பேசுறேன்" என்றது ஒரு பெண் குரல். என் மகள் பெயரைச் சரியாகச் சொல்லி, "அவங்க பொறந்த தேதி, நேரம், ஊரு மூணும் வேணும். அவசரம்லா, நான் இப்பவே கொண்டு போய்க் கொடுக்கணும்."

வந்துட்டாடா! தமிழ், மகள் பெயர், பிறந்த தேதி, அவசரம். நான் போட்ட எச்சரிக்கை அத்தனையும் ஒரே குரலில் வந்து நின்றது. திருடர்களிடம் கோபப்படக் கூடாது, பொய் விவரம் கொடுத்து அலைய விட வேண்டும் என்று வீடியோவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சட்டென்று ஒரு பொய்த் தேதிக்கு எங்கே போவது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேதி ஒன்றே ஒன்றுதான். என் காரைக் கோவிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய தேதி. மகள் நடக்கப் பழகிய வருஷம் அது.

"எழுதிக்கங்கம்மா" என்று அந்தத் தேதியைத் தேன் ஒழுகச் சொன்னேன். "காலை ஒம்பது பத்து. கோல சிலாங்கூர்."

அந்தம்மாள் நன்றி சொல்லிப் போனை வைத்தார். நான் நம்பரை பிளாக் செய்தேன். 'கலும்பாங் திருடி ஒருத்திக்கு நல்ல பாடம்' என்று குரூப்பில் போட்டேன். தங்கை கட்டைவிரல் போட்டாள்.

நாலாம் நாள், ரவாங்கில் வேலை முடிந்து வந்த மகளின் கண் வீங்கியிருந்தது. போனை என் முன்னால் நீட்டினாள். ஜோசியர் சொன்னதாக ஒரு செய்தி: பெண் நல்ல உழைப்பாளி, ஆனால் பிடிவாதம் ஜாஸ்தி, பாதி வழியில் நின்றுவிடும், வயதாக ஆகச் செலவு வைக்கும், பையனுக்குப் பொருந்தாது.

"இதுல போட்டிருக்கிறது என் தேதி இல்லையேப்பா. யாரோடது?"

"காரோடது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கூட வேலை செய்யும் பையனாம், மூன்று வருஷப் பழக்கமாம். முறையாகப் பெரியவர்கள் பேசினால்தான் அப்பா மனம் குளிரும் என்று, பையனின் அம்மாவை என்னிடம் பேச வைத்ததே இவள்தான். சரியான தேதியை இவள் அனுப்பியதும் அந்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற அப்பனே தேதியை மாற்றிச் சொல்லும் வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"மூணு வருஷம்பா" என்றாள். அழுதாள். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினோம், அதே காரில். மகள் பக்கத்தில் இருந்தாள். என் பதற்றத்தில் அன்று அடுப்பைக்கூடப் படம் எடுக்கவில்லை. உலு யாம் சாலை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பாதி வழி. ஜோசியர் கெட்டிக்காரர்தான்.

பிளாக்கை எடுத்துவிட்டு அந்தம்மாளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் போன மற்றவர்களின் அழைப்பெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கடைசியில் மகள் பையனை அழைத்து அழுதாள். முக்கால் மணி நேரத்தில் அவன் தன் அம்மாவோடு வந்துவிட்டான்.

நடுரோட்டில் கைகூப்பி, திருடி என்று நினைத்தது முதல் எலுமிச்சம்பழம் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்தம்மாள் முகம் மாறாமல் கேட்டார். பிறகு காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார்.

"நான் பொருத்தம் பார்த்தது இந்தப் பொண்ணுக்குத்தானா?"

"ஆமாம்மா."

பொங்கி வந்த சிரிப்பில் அவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். பையனும் சிரித்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் என் மகளின் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தேதியை மருமக அனுப்பிட்டா. நேரத்தை நீங்களே உங்க வாயால சொல்லுங்கண்ணே. எத்தனை மணிக்குப் பொறந்தா?"

வாயைத் திறந்தேன். ஒன்பது பத்து என்பதைத் தவிர எனக்குள் வேறு நேரமே இல்லை.

மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "விடியக்காலை நாலு இருவதுங்க அத்தை" என்றாள். "அப்பா அன்னிக்கு செம்பனை மில்லுல நைட் ஷிப்ட். அதான் அவருக்குத் தெரியாது."

அவளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம். அன்று எனக்கு ஷிப்ட் கிடையாது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுக்கவில்லை. இதை மகளிடம் சொல்ல எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.