அரவேணுவும் மேட்டுப்பாளையமும் ஒரே கட்டம்

பனிக்காலம் தொடங்கினால் என் மனைவிக்கு மூச்சு இழுக்கும். எங்கள் வீடு மலைமேல் அரவேணுவில், ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிறது. இலையை உலர்த்த அங்கே விறகு எரிக்கிறார்கள். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் புகை மேலே போகாமல் எங்கள் கூரைமீதே படுத்துக்கொள்ளும்.

மாசுக் கட்டுப்பாட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்பது மனப்பாடம். முறைப்படி மனு கொடுத்தேன். முறைப்படி அது தூங்கியது. முறைப்படி எழுப்பினேன். கடைசியில் பதில் வந்தது: கணினிக் கணக்கின்படி வரம்பு மீறல் இல்லை.

கணக்குப் போட்ட ஆய்வாளர் கோவையில் இருக்கும் ஓர் இளம்பெண். தொலைபேசியில் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"சார், காத்துல இருக்கற கரிமத் துகள்ல விறகுப் புகை எவ்வளவு, தைலம் எடுக்கற கற்பூர மரம் விடற ஆவி வெயில்ல துகளா மாறி வந்தது எவ்வளவுன்னு பிரிக்கறதே கஷ்டமுங்க. நான் குடுத்த எண் பாதியாவும் இருக்கலாம், ரெண்டு மடங்காவும் இருக்கலாம்."

"ரெண்டு மடங்குன்னா வரம்பு தாண்டிருமே?"

"தாண்டுமுங்க. அதையும் எழுதித்தான் குடுத்தேன். தெரியலைன்னு நான் சொன்னேன், இல்லைன்னு அவங்க எழுதிட்டாங்க."

வேறெப்படி எழுதுவார்கள்? படிவத்தில் 'ஆம்', 'இல்லை' இரண்டுக்குத்தான் இடம்.

இன்னொன்றும் சொன்னார். கணினி நிலத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரிக்கிறது. அரவேணுவும் மலையடிவாரத்து மேட்டுப்பாளையமும் ஒரே கட்டம், உயரத்துக்கு இரண்டின் சராசரி. அதன்படி என் வீடு மலைப்பாதையில் பாதி வழியில், நல்ல காற்றோட்டத்தோடு நிற்கிறது.

மனைவியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பாதியாவும் இருக்கலாங்கறீங்க. அப்ப நானும் பாதி மட்டும் மூச்சு இளைச்சுக்கறனுங்க."

கருவி வைத்து நேரில் அளக்கும்படி மேல்முறையீடு செய்தேன். கருவி அனுப்ப வேண்டுமானால் கணினிக் கணக்கில் வரம்பு மீறியிருக்க வேண்டுமாம். அந்த விதியின் எண்கூட எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மருத்துவர் புகையில்லாத இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். பனி முடியும்வரை மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் இருக்கிறேன் என்று அவள் பேருந்து ஏறினாள். சில நாட்களில் தொலைபேசியில் இழுப்பில்லாத குரலில் பேசினாள்.

"ஏனுங்க, இங்க நல்லாத் தூங்கறனுங்க. சாயங்காலம் ஊட்டு ஜன்னலச் சாத்தறீங்களா?"

சாத்திவிட்டுத்தான் ஒருவனுக்கு மட்டும் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கணினியைப் பொறுத்தவரை அவள் எங்கும் போகவில்லை. அதே கட்டத்தில், அதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள்.