மஃரிப் நேரத்து ஓட்டோ

என் மனுசன் இரண்டாம் கலியாணம் முடிக்கப் போகிறார் என்று எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது மீன்தான். அவர் கொண்டச்சிக் கரையில் மீன் எடுத்து விற்பவர். யார் எவ்வளவு விலைக்குக் கேட்டாலும் பெட்டியில் இருக்கிற பெரிய மீன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். புத்தளத்தில் அகதியாக ஓலைக் குடிசைக்குள் கிடந்த காலத்திலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஊருக்குத் திரும்பி, பற்றை வெட்டி, வீடு எழுப்பி, பேரப்பிள்ளைகளும் பிறந்த பிறகு ஒருநாள் சின்ன மீன் வந்தது. அடுத்த நாளும் சின்னது. பெரியது எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை, தெருவே வந்து சொன்னது. பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் ஒரு விதவைப் பெண். என்னைவிட நல்ல இளசு.

கேட்டபோது அவர் மறைக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கொஞ்சம் பயந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கதிரையில் சாய்ந்து வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

"மார்க்கத்தில இடமிருக்கு. இதுக்கு உன்ர சம்மதம் தேவையில்ல."

அந்தப் பேச்சை நான் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். அழவில்லை. அழுதால் அவருக்கு வேலை சுலபமாகிவிடும்.

எனக்கு எழுத்து வாசிப்பு கிடையாது. காது இருக்கிறது. அந்த வருடம் நோன்பு காலத்தில் பெண்களுக்கு நடந்த மார்க்கப் பயானில் முன்வரிசையில் போய் இருந்தேன். இரண்டு முடிப்பது விளையாட்டில்லை, இரண்டு வீட்டுக்கும் நீதி வேண்டும் என்றார் மௌலவி. ஒருநாள் இங்கே என்றால் ஒருநாள் அங்கே. நாள் பொழுதுபட்டதும் மஃரிபில் தொடங்கி அடுத்த மஃரிபில் முடியும். பக்கத்தில் இருந்த பெண்கள் எனக்காகக் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஏனென்றால் என் மனுசன் போட்டிருந்த திட்டம் வேறு. படுக்கை அங்கே, சாப்பாடு இங்கே. அந்தப் பிள்ளைக்குச் சமையல் வராது. சோறு ஒருநாள் கஞ்சி, மறுநாள் கல். என் நண்டுக் கறியோ, காய்ச்சுகிற நாளில் தெருவில் போகிறவர்கள் எல்லாம் சுகம் விசாரிக்க வருவார்கள். கறியில் கூட்டின தேங்காய்ப்பால் கொதிக்கும்போது முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும், கிண்டக் கூடாது. என் மருமகள் கிண்டுவாள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

கலியாணம் முடித்து அதிக நாள் ஆகவில்லை. அவளுடைய நாளில் பகல் வெயிலோடு வந்து, கைகழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். நண்டு வாசம் அவரை அழைத்து வந்திருந்தது. இன்றைக்கு அங்கத்தைய நாள் என்றேன். சாப்பிட மட்டும்தான் வந்ததாகச் சொன்னார்.

"அதுக்கு மார்க்கத்தில இடமில்ல," என்றேன்.

கழுவின கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். நான் கறியைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினேன். அவர் போகிற வழியில் இருக்கிற வீடுகளாகப் பார்த்துத்தான்.

அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை. அவளுக்கு நீல நிறத்தில் யன்னல் சீலை வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் அதே நீலம் வேண்டும் என்றேன். அந்தச் சுவரில் எனக்கு யன்னலே இல்லை. சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன், இன்றைக்கும் தொங்குகிறது. பெரிய மீனை நடுவில் வெட்டிப் பாதிப் பாதியாகக் கொண்டுவரப் பழகினார். தலை எனக்கு ஒருநாள், அவளுக்கு ஒருநாள். மஃரிப் பாங்கு கேட்டால் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். வீடு எனக்கு என் வாப்பா கொடுத்தது. அவளுக்கும் வீடு அவளுடைய வாப்பா கொடுத்ததுதான். தலையணை ஒன்றுதான் அவருக்குச் சொந்தம்.

முள்ளிக்குளத்துப் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிற வேதக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பழைய சிநேகிதி. மாதா கோயிலில் ஒருத்தியைக் கட்டினால் சாகும்வரை ஒருத்திதான் என்று பெருமையாகச் சொல்லுவாள். உன் மனுசனுக்குப் பேசாலையில் ஒருத்தி இருந்தாளே என்று கேட்டால், அது கட்டினதில்லை என்பாள். மடுப் பக்கத்திலிருந்து அரிசி கொண்டுவருகிற சைவக்கார அம்மா இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார். தங்கள் ஆட்களுக்கும் இப்போது ஒன்றுதான் சட்டமாம். ஆனால் முருகனுக்குப் பக்கத்துக்கு ஒருத்தியாக இரண்டு பேர் நிற்கிறார்களே, அவர் யார் கையால் சாப்பிடுகிறார் என்று யாராவது கேட்டீர்களா என்பார். கருவாட்டுக்காரி பெருமூச்சு விடுவாள். உன் ஆள் வராத நாள் எதென்று உனக்காவது தெரியும், எனக்கு அதுவும் தெரியாமல் இருந்தது என்று ஒருநாள் மெல்லச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு நண்டுக் கறி கொடுத்தேன்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் என் மனுசன் தோணியடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு என் வீட்டிலேயே கிடக்க ஆசை. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, மகன்மார் பக்கத்தில் இருக்கிறார்கள், சோறும் சோறாக இருக்கும். அந்தப் பிள்ளை கேட்ட உடனேயே தன் நாளை விட்டுக்கொடுத்துவிட்டாளாம். முறிந்த காலோடு ஓயாமல் முனகுகிற கிழவனை வைத்துப் பார்க்க யாருக்குத்தான் விருப்பம்?

மௌலவியையும் பள்ளிவாசல் தலைவரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து இறங்கினார். இறங்கினார் என்றால், இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். மௌலவி தொண்டையைச் செருமினார்.

"ராத்தா, அவ விட்டுக் குடுத்திட்டா. வீடு உங்கட. இனி உங்கட சம்மதம் மட்டும்தான் வேணும்."

எத்தனை வருசம் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது.

"என்ர சம்மதம் வேணுமோ?"

"ஓம் ராத்தா."

"அப்ப அவர் வாயால கேக்கட்டும்."

அவர் தன் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் போய் எல்லாருக்கும் இஞ்சி தட்டிப்போட்டுப் பிளேன்டீ ஊற்றினேன். அவசரமே படவில்லை. கோப்பையைக் கையில் கொடுத்தபோது, நிமிராமல் சொன்னார்:

"இஞ்சயே இருக்கிறன். உன்ர சம்மதம் வேணும்."

அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டேன். பிறகு மௌலவியைப் பார்த்து, அந்தப் பிள்ளையின் நாளை எடுத்து அநியாயக்காரியாக நான் மௌத்தாகி மண்ணுக்குள் போகமாட்டேன், நீதி என்றால் என்னவென்று நீங்கள்தான் எனக்குப் படிப்பித்தீர்கள் என்றேன். மௌலவி கோப்பைக்குள் பார்த்தார். பள்ளித் தலைவர் சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை அவளே வாசல் படலையடிக்கு வந்தாள்.

"ராத்தா, நான் மனசார விட்டுத் தந்திட்டன். நீங்க வச்சுக்கொள்ளுங்கோ."

"பெரிய மீன் திண்டது நீதானே புள்ள. முள்ளையும் தின்னு."

அவள் முகம் சிவந்தது. திரும்பி நடக்கும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு போனாள்.

மகன்மார் ஏசுகிறார்கள். கருவாட்டுக்காரிகூட, உனக்குக் கல்நெஞ்சு என்கிறாள். என் நாளில் அவருக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. கால் பிடித்து, துடைத்து, நண்டுச் சதையை உடைத்து ஊட்டுகிறேன். அந்த ருசி நாக்கில் இருக்கத்தான் அடுத்த நாள் அங்கே போக வேண்டும்.

மஃரிப் பாங்கு சொன்னதும் ஓட்டோ வரும். ஓட்டுகிற பிள்ளை அவரைத் தூக்கி இருத்துவான். பிளாஸ்டர்க் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மடியில் தலையணை. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெரு முடிவில் மதகடியில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, மழைக்குப் பிறகு இன்னும் ஆழம். ஒவ்வொரு முறையும் ஓட்டுகிற பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, போகட்டா உம்மா என்று கேட்பான். பள்ளத்தில் மெதுவாக விடு மகன் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

இன்னும் சொல்லவில்லை.