சின்னம்மாவுக்கு வந்த மரக்கரண்டி

வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பதை முதன்முதலாகக் கேள்விப்பட்டபோது அது முருகனுடைய நாடு என்றுதான் நினைத்தேன். எங்கள் சாமித்தட்டில் இருந்தது ஒரே ஒரு வேல். அந்த நாட்டில் நிறைய இருக்கும்போல, அதனால்தான் பெயரின் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது. கனடாவில், ஸ்காபரோவில் ஓர் உயரமான கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், இரண்டுக்கும் இடையில் லிஃப்டுக்குள் இரண்டும் கலந்த ஒன்று.

அந்த நாட்டுக்காரர் எங்கள் கட்டடத்தின் சுப்பர். குழாய் ஒழுகினாலும், கதவு பூட்டிக்கொண்டாலும், ஹீற்றர் சூடாகாவிட்டாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். செம்பட்டைத் தாடி. அந்த மாரிகாலம் முழுவதும் அந்தத் தாடியில் மெல்லிய மரத்தூள் ஒட்டியிருந்தது. ஏன் என்று நான் யோசித்ததில்லை. கீழ்த்தளத்தில் பொய்லர் அறைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார்.

ஒருநாள் மாமா, அம்மாவின் தமையன், லிஃப்டுக்குள் அவரைப் பார்த்து, வேல்ஸ் என்றால் இங்கிலாந்துதானே என்று கேட்டுவிட்டார். லிஃப்ட் பதினோராம் மாடிக்கு வந்து, திறந்து, மூடி, திரும்பக் கீழே போகும்வரை சுப்பர், இல்லை, அது வேறு நாடு என்று விளக்கிக்கொண்டே போனார். தான் இந்தியாவிலிருந்து வரவில்லை என்று கனடா முழுவதற்கும் சொல்லிச் சொல்லிக் களைத்த மாமாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து, "கீழ இருக்கிற இங்கிலாந்துக்காரன் கொஞ்சம் கோவக்காரன்" என்றுதான் சொன்னார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். அவருக்கு ஊரில் பேசி வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் றோல்ஸ் சுற்றும் வேலை. இரவில் என் அறையில், மற்றக் கட்டிலில், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் மட்டும் பாடுவார். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கை.

ஒருநாள் குசினித் தொட்டி அடைத்துக்கொண்டது. சுப்பர் வந்து தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் அங்கே இருப்பதை மறந்தோ என்னவோ, குளியலறையில் வாளி நிரப்பிக்கொண்டிருந்த சின்னம்மா பாடத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை தொட்டிக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவர் வெளியே வந்து, அது என்ன மொழி என்று கேட்டார். சின்னம்மா சொன்னார். அவர் "தமில்" என்றார்.

யாரையும் திருத்தாத சின்னம்மா, "ழ்" என்றார்.

அவர் முயன்று பார்த்தார். நாக்கு எங்கெல்லாமோ போய் வந்தது. பிறகு பதிலுக்குத் தன் ஊரின் பெயரைச் சொன்னார். 'ல'வுக்கும் வெறும் காற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்றில் அந்தப் பெயர் தொடங்கியது. நாக்கை மேலே வைத்து, இரண்டு பக்கத்தாலும் ஊத வேண்டுமாம். சின்னம்மா ஊதினார். எச்சில்தான் பறந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா எப்போதோ கேட்டிருக்க வேண்டும். அடுப்பைக் குறைத்துவிட்டு, தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் மாதத்தின் முதல் நாள் அவர்களுடைய புனிதர் ஒருவரின் நாள். நகரத்தில் உள்ள வேல்ஸ்காரர்கள் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள், வந்து பாட முடியுமா என்று சுப்பர் கேட்டார். "அவளைத் தனிய விடமாட்டன்" என்றார் அம்மா. ஆகவே அம்மாவும் நானும் புறப்பட்டோம். வான் ஓட்ட மாமா வந்தார். அப்பாவுக்கு வழக்கம்போல வெயாஹவுஸில் வேலை.

அன்று பெரிய பெரிய இதழ்களாகப் பனி கொட்டியது. மண்டப வாசலில் ஒரு கொடி. அதில் சிவப்பாக, செதில் வைத்து, நாக்கை நீட்டிய ஒன்று. வேலைத் தேடிக்கொண்டு போன எனக்கு ஏமாற்றம். "உது பாம்போ, பல்லியோ?" என்றார் மாமா. உள்ளே எங்கு பார்த்தாலும் கடதாசியில் செய்த மஞ்சள் பூக்கள். பெண்கள் சிலர் சிவப்புச் சால்வை போர்த்து, உயரமான கறுப்புத் தொப்பி வைத்திருந்தார்கள். ஆண்களின் சட்டையில் பச்சையாய் ஏதோ குத்தியிருந்தது. அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சமைக்கிற லீக்ஸை ஏன் சட்டையில குத்திக்கொண்டு நிக்கினம்?"

"எங்கட சாமிக்கு நாங்கள் துளசி வைக்கிறேல்லையே அக்கா? அப்பிடித்தான்" என்றார் சின்னம்மா. வேல்ஸைப் பற்றி அவருக்கு எங்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரிந்திருந்தது.

ஒரு மூலையில் தட்டையான இரும்புத் தட்டில் முந்திரிகைப்பழ வற்றல் போட்ட சின்னச் சின்ன வட்டங்களைச் சுட்டு, சீனியில் புரட்டிக் கொடுத்தார்கள். பார்க்க ரொட்டி, தின்றால் கேக். அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு மேசையில் கம்பளிப் போர்வைகள். இன்னொரு மேசையில் விதவிதமான மரக்கரண்டிகள். ஒன்றில்கூட உணவு நிற்காது. பிடி முழுவதும் சங்கிலியும் இதயமும் பூட்டும் செதுக்கியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற பெண், கறுப்புத் தொப்பிக்காரி, அம்மாவுக்கு நிறைய விளக்கினார். அம்மா என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பது என் வேலை.

"முந்தின காலத்தில ஸ்வீட்ஹார்ட்டுக்குச் செய்து குடுக்கிறதாம்."

"அப்பிடியெண்டா?"

"இனிப்பான மனசு உள்ள ஆக்களுக்கு."

அந்தப் பெண் தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டினார். கரண்டியை நெஞ்சோடு அணைத்துக் காட்டினார். பிறகு அதைத் திருப்பி நீட்டி, தலையைச் சோகமாக ஆட்டியும் காட்டினார். அம்மா மெல்லத் திரும்பி, மண்டபத்தின் மறுபக்கம் ஒரு பெரிய யாழுக்குப் பக்கத்தில் சுப்பரோடு பேசிக்கொண்டிருந்த சின்னம்மாவைப் பார்த்தார். "உனக்கு விளங்கேல்லை பிள்ளை. பேசாமல் வா" என்று என் கையைப் பிடித்தார்.

பிறகு அவர்கள் பாடினார்கள். ஒரே பாட்டை நாலு கூட்டமாக நாலு வழியால் கொண்டுபோய் ஒரே வாசலில் சேர்த்தார்கள். கிழவர்களும் இளம் பெண்களும், காலையில் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். யாழின் அதிர்வு பலகைத் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது. சின்னம்மாவின் முறை வந்தபோது எனக்குப் பாதித் தூக்கம். அம்மாவின் மடியில் தலை வைத்திருந்தேன். அவர் பாடியது ஓர் ஆராட்டு, எங்கள் ஊர்த் தாலாட்டு. எனக்குத் தெரிந்த பாட்டுத்தான், ஆனால் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் கேட்டது அன்றுதான். யாழ் வாசித்த பெண் ஒரு சுருதியைத் தேடிப் பிடித்து, அதிலேயே மெல்லத் தட்டிக்கொண்டு, பாட்டுக்குக் கீழே கூடவே நடந்து வந்தாள். யன்னலுக்கு வெளியே பனி மேலே போவதுபோலத் தெரிந்தது. மண்டபமே எழும்பி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் வயிறு விம்மி விம்மி அடங்குவது என் காதுக்குத் தெரிந்தது. அம்மாவுக்குப் பசிக்கிறது என்று நினைத்தேன்.

புறப்படும்போது சுப்பர் அம்மாவிடம் ஒரு தகர டின் நிறைய அந்தச் சின்னக் கேக்குகளைக் கொடுத்தார். சின்னம்மாவிடம் சிவப்புத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொடுத்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சின்னம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் வாங்கினார்.

வானுக்குள் துணியை அவிழ்த்துப் பார்த்தோம். கரண்டி. பிடியில் ஒரு சக்கரம். அதற்கு மேலே ஒரு சின்னக் கூண்டு, கூண்டுக்குள் உருளும் மர மணிகள். உச்சியில் சங்கிலி. எல்லாம் ஒரே கட்டையில், ஒட்டாமல் செதுக்கியது. மணிகள் எப்படி உள்ளே போயின என்று நான் கேட்டேன்.

"உதால ஒரு சொதியும் கிண்டேலாது. முழுக்க ஓட்டை" என்றார் மாமா.

சின்னம்மா அதை எங்கள் அறை யன்னலில் கட்டித் தொங்கவிட்டார். பின்னேரங்களில் வெயில் அதன் வழியாக வந்து, சக்கரத்தின் நிழலைச் சுவரில் போடும். அது மெல்ல மெல்ல ஊர்ந்து என் கட்டிலைத் தாண்டி அலுமாரிவரை போய் மறையும். நான் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மாமா செய்தியோடு வந்தார். "பிறம்ரனில நல்ல பெடியன். சொந்த ட்ரக் வைச்சு ஓடுறான். ஞாயிற்றுக்கிழமை பாக்க வருகினம்." சின்னம்மா எழுந்து போய்க் கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவினார்.

சனிக்கிழமை அம்மா வருகிறவர்களுக்காகப் பயற்றம் பணியாரம் சுட்டார். சுட்டு முடித்ததும் சுப்பரின் டின்னை எடுத்தார். அயல் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் இல்லை. டின் நிறையப் பணியாரத்தை அடுக்கினார். பிறகு எங்கள் அறைக்குள் போய், யன்னலில் இருந்த கரண்டியை அவிழ்த்து, அந்தச் சிவப்புத் துணியிலேயே சுற்றி, மேலே வைத்தார்.

"அது சின்னம்மாவின்ரை எல்லோ?"

"டின்னோட வந்த சாமான். டின்னோடயே போகட்டும். கொண்டுபோய்க் குடுத்திட்டு வா."

யாருடைய மூடி யாருடைய சட்டிக்கு உரியது என்று கட்டடம் முழுவதற்கும் சொல்லக்கூடியவர் அம்மா. அவருக்குச் சாமான் மாறியது அதிசயம்தான். ஆனால் பணியாரத்தின் சூடு டின் வழியாகக் கைக்கு இதமாக இருந்தது. நான் சந்தோஷமாக லிஃப்டில் இறங்கினேன்.

சுப்பர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துச் சிரித்தார். பிறகு துணியைக் கண்டார். அதை அவிழ்க்கவில்லை. மேலாகத் தொட்டுப் பார்த்தார். அவரா இதை அனுப்பினார் என்று கேட்டார். ஆங்கிலத்தில் அம்மாவும் 'ஷி'தான், சின்னம்மாவும் 'ஷி'தான். ஓம் என்று தலையாட்டினேன். அவர் நன்றி சொன்னார். மிகவும் மரியாதையாகச் செய்திருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டு நின்றதால் ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டார். அதை வெகுநேரம் மென்றார்.

பின்னேரம் சின்னம்மா வேலையால் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனவர் உடனே வெளியே வந்தார்.

"அக்கா, யன்னல்ல இருந்தது எங்க?"

"குடுத்துவிட்டிட்டன்."

"ஆரிட்ட?"

"தந்த ஆளிட்டத்தான்."

"அது என்ன எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும். அவர் சொல்லித்தான் தந்தவர். நான் தெரிஞ்சுதான் வாங்கினனான்."

அம்மாவின் குரல் உயர்ந்தது. "அவன்ர பாஷை என்ன, சாப்பாடு என்ன, சனம் என்ன? நாளைக்கு நீ அழுதுகொண்டு வந்து நிண்டா நான் என்ன செய்யிறது?"

சின்னம்மா சத்தம் போடவில்லை. "இஞ்ச வந்த பிறகு நான் அழாமல் படுத்த நாள் ஒண்டு சொல்லுங்கோ அக்கா. இந்தக் கிழமையைத் தவிர."

அவ்வளவுதான். சப்பாத்துப் போடாமல், கோட்டும் இல்லாமல், வெறும் காலுறையோடு வெளியே போனார். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிக்கட்டுக் கதவு அடிபடும் சத்தம் கேட்டது.

அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய்க் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு மாமாவுக்கு ஃபோன் எடுத்தார்.

"அண்ணை, நாளைக்கு அவையளை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஓம், அவளுக்குக் காய்ச்சல். இல்லை, எப்ப மாறுமெண்டு தெரியாது. அடுத்த ஞாயிறும் மாறாது."

"சின்னம்மாக்கு ஃபீவர் இல்லையே அம்மா."

"வெங்காயத்தை உரி."

நான் உரித்தேன். அம்மா அரிசியை அளந்து, கழுவி, பானையில் போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அரிசிச் சாக்கைத் திரும்ப அவிழ்த்து, இன்னும் ஒரு சுண்டு அளந்து கழுவிப் போட்டார். அம்மா அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

"ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் இல்லை. கை தவறிட்டுது."

சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. சின்னம்மா நின்றார். கையில் சிவப்புத் துணிச் சுற்று. அவருக்குப் பின்னால் சுப்பர், தாடியைச் சீவி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த மனிதரை நான் சித்தப்பா என்று கூப்பிடத் தொடங்கியது அடுத்த ஆண்டு. அன்று அவர் வெறும் சுப்பர், கையில் குறடுகூட இல்லை, ஏன் வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதிரையைக் காட்டி, "இருங்கோ" என்றார், தமிழிலேயே. அவர் விளங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அவருக்கு முன்னால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சோற்றைப் போட்டார். அவர் உறைப்பில் கண் கலங்கக் கலங்கச் சாப்பிட்டார். போதும் என்று சொல்லத் தெரியாததால் அம்மா போட்டுக்கொண்டே இருந்தார். அத்தனைக்கும் பானையில் எனக்கு மிச்சம் இருந்தது. நல்லவேளை, அம்மாவின் கை தவறியது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னொரு தரம் சோறு வாங்கினேன்.