ஓடைத்தெருவுக்கு வந்த வாக்குச்சாவடி

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் உள்ள ஓர் எடை மேடையில் வெற்றிச்செல்வி பத்து வருடமாக வேலை பார்க்கிறாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி மேடையில் ஏறி நிற்கும். திரையில் ஓடும் எண் அசையாமல் நின்றதும் பொத்தானை அழுத்துவாள், சீட்டு வரும். "அக்கா, ஒரு நூறு கிலோ கொறச்சுப் போடுக்கா" என்று சில டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "லோடக் கொற, சீட்டு தானா கொறையும்" என்பாள். அவள் கணவன் அறிவரசனும் டிப்பர் ஓட்டுகிறவன்தான். அவனுக்கும் அதே பதில்தான்.

அவர்கள் குடியிருப்பது ஓடைத்தெருவில். வன்னியேரி ஊராட்சியைச் சேர்ந்த தெரு. வன்னியேரிக்காரர்கள் அதைக் காலனி என்பார்கள், அங்கே இருப்பவர்கள் ஓடைத்தெரு என்பார்கள். ஒரு காலத்தில் எல்லோரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது கொத்தனார், டிரைவர், நர்ஸ், திருப்பூரில் தையல் என்று பல தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஊருக்கும் தெருவுக்கும் நடுவே முன்பு ஒரு வண்டிப்பாதை இருந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் மைன்ஸ் தோண்டினார்கள். பாதை பள்ளத்துக்குள் போயிற்று. அதன் பிறகு வன்னியேரிக்குப் போக வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிகள் போகிற தடத்திலேயே சுற்றித்தான் போக வேண்டும்.

ஓட்டுப் போடும் பூத்து வன்னியேரி பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது நாடாளுமன்றத் தேர்தலில் அறிவரசனின் அம்மா காத்தாயி ஓட்டுப் போடக் கிளம்பினார். முழங்கால் வலி. பாதி வழியில் ஒரு லாரி உரசுகிற மாதிரிப் போனதில் ஓரத்துக் கருவேல முள்ளில் விழுந்துவிட்டார். கையெல்லாம் கீறல். வெற்றிச்செல்வி தூக்கிவிட்டபோது, "போதும்டியம்மா, என் ஓட்டு இல்லாமலே அவங்க ஆளட்டும்" என்று திரும்பி நடந்தார். மருமகளும் கூடவே திரும்பிவிட்டாள். அந்தத் தேர்தலில் அவளும் ஓட்டுப் போடவில்லை.

நான்கு வருடம் கழித்து, ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை முடிந்து வந்த சாயங்காலம், தெருவில் கூட்டம் கூடியது. மைன்ஸைச் சுற்றி வேலி போடச் சொல்லிக் கொடுத்த தீர்மானத்தை இந்தத் தடவையும் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொத்தனார் ராசாங்கம் கொதித்துப் போயிருந்தார். "வர்ற பெரிய எலக்‌ஷன்ல ஒருத்தரும் ஓட்டுப் போடக் கூடாது. வூட்டுக்கு வூடு கருப்புக்கொடி. அப்பத்தான் கலெக்டரே வருவாரு."

அவருடைய தங்கை புருஷன் பூவரசன் அவருக்கு எதிர்க்கட்சிக்காரர், சென்ட்ரிங் வேலை செய்பவர். உள்ளாட்சித் தேர்தலில் போட்ட சண்டையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவரும் அன்றைக்கு, "புறக்கணிப்புதான் சரி" என்றார்.

வெற்றிச்செல்வி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை.

"மாமா, அண்ணே, ரெண்டு பேரும் பூத் ஏஜென்டா உக்காந்தீங்கள்ல? போன பெரிய எலக்‌ஷன்ல நம்ம தெருவுல எத்தன பேரு ஓட்டுப் போட்டாங்க? டிக் அடிச்ச லிஸ்ட்டு வச்சிருப்பீங்களே, எடுத்துட்டு வாங்க."

இருவரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்தார்கள். மொத்தம் நானூற்று முப்பத்தெட்டு ஓட்டு. போட்டவர்கள் நூற்று அறுபத்தொரு பேர். எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிக்காரர்களின் பட்டியலும் அந்த எண்ணில் மட்டும் ஒத்துப்போயின.

"இருநூத்தி எழுபத்தேழு பேரு போடல. யாராச்சும் வந்து ஏன்னு கேட்டாங்களா? நம்ம நாலு வருசமாப் புறக்கணிச்சுக்கிட்டுதான் இருக்கோம், யாருக்கும் தெரியல. கருப்புக்கொடி வேணாம். பூத்து இங்க வேணும்னு கேப்போம்."

ராசாங்கம் பட்டியலை மடித்தபடி, "கேட்டா குடுத்துடுவாங்களாக்கும்" என்றார். ஆனால் மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான். அதற்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டுப் பூவரசன் போட்டார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அரியலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் குடியிருப்புக்கும் தற்போதைய வாக்குச்சாவடிக்கும் இடையிலான தூரம் ஒன்று புள்ளி மூன்று கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பதால் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியிருந்தது.

அறிவரசன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான். "அந்த ஒன்னு புள்ளி மூணு இப்ப மைன்ஸ் பள்ளம். அதுலதான் நான் தெனமும் லோடு ஏத்திக்கிட்டு வரேன்."

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளே தாலுகா ஆபீஸுக்குப் போனாள். தேர்தல் பிரிவு கிளார்க் கணினியைத் திருப்பிக் காட்டினார். "மேப்புல இப்புடித்தாம்மா இருக்கு."

"மேப்புல இருக்கு சார். அதுல நடக்கணும்னா எம்பது அடி பள்ளத்துல எறங்கி ஏறணும். நீங்க எறங்குவீங்களா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உள்ளறையிலிருந்து தாசில்தார் சிந்து எட்டிப் பார்த்தார். மாறுதலில் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார்.

"சரி, நான் நேர்ல வந்து பாக்கறேன்."

"வாங்க மேடம். ஆனா ஜீப்புல வந்தா தூரம் தெரியாது. எங்கள மாரி நடந்து வாங்க."

கிளார்க் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். தாசில்தார் மட்டும் நாட்காட்டியைப் புரட்டினார். "வியாழக்கிழம பத்து மணி. வந்துடறேன்."

சொன்னபடியே வந்தார். செப்டம்பர் வெயில். ஜீப்பைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுச் செல்போனில் தூரம் அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு நடந்தார். கூட வெற்றிச்செல்வி, பின்னால் கிளார்க். மெயின் ரோட்டில் ஏறியதும் லாரிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்று போகும்போதும் மூவரும் முள்ளோரம் ஒதுங்கி நின்றார்கள். புழுதி அடங்கிக் கண் தெரிவதற்குள் அடுத்தது வந்தது. தாசில்தாரின் நீலப் புடவை சாம்பல் நிறமாயிற்று.

வளைவில் ஒரு டிப்பர் வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டு, ரோட்டுக்குக் குறுக்கே வாகாக நின்றது. அதன் பின்னால் வந்த ஆறேழு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன. டிரைவர் கையை நீட்டி, "தாண்டிப் போங்க" என்று சைகை காட்டினான்.

"நல்ல மனுஷனா இருக்காரே" என்றார் தாசில்தார்.

"எங்க வூட்டுக்காரருதான் மேடம்."

அவ்வளவு வெயிலிலும் தாசில்தார் வாய்விட்டுச் சிரித்தார்.

பள்ளிக்கூட வாசலில் செல்போனைப் பார்த்தார். நான்கு புள்ளி ஏழு. கிளார்க்கிடம் காட்டினார். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திரும்பிப் போறதுக்கு ஜீப்ப வரச் சொல்லிடலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. தெருவில் இருந்த ஒரே அரசுக் கட்டடம் பால்வாடி. சக்கர நாற்காலி ஏறும்படி சாய்தளம் இல்லாத கட்டடத்தில் பூத்து வைக்க முடியாது. ஊராட்சி மூலம் கட்டுவதென்றால் மாதக் கணக்காகும். வாக்குச்சாவடிப் பட்டியலோ அடுத்த திங்கட்கிழமை மேலே போக வேண்டும். "அதுக்குள்ள சாய்தளம் இருந்தா போட்டோ எடுத்து அனுப்பிடுவேன்" என்றார் தாசில்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெற்றிச்செல்வி வீடு வீடாகப் போனாள். வீடு கட்டி மிச்சமான செங்கல், அரை மூட்டை சிமென்ட், ஒரு சட்டி ஜல்லி, இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்றாள். சனிக்கிழமை காலையில் பால்வாடி வாசலில் குவியல் சேர்ந்துவிட்டது. ராசாங்கம் கரண்டியோடு வந்தார். பூவரசன் பலகையோடு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"ரெண்டடி ஒசரம். சரிவு சரியா இருக்கணும்னா இருவத்துநாலு அடி நீளம் வேணும்" என்றாள் வெற்றிச்செல்வி, தாசில்தார் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து.

"வாசல் பதினஞ்சு அடிதான்" என்றார் ராசாங்கம். "அவருகிட்டச் சொல்லு செல்வி, பலகய செவுத்த ஒட்டி வைக்கச் சொல்லி."

"அவருகிட்ட நீ சொல்லும்மா" என்றார் பூவரசன். "செவுத்த ஒட்டி வச்சா திரும்ப எடம் பத்தாதுன்னு."

பத்து மணி வரை இப்படியே அவள் வழியாகப் பேசினார்கள். கடைசியில் ராசாங்கத்துக்குப் பொறுமை போயிற்று. "யோவ் மாப்ளே, அப்ப எங்கதான்யா திருப்பறது?"

"மூலையில மச்சான்! ஒம்பது அடியில நிறுத்தி, ஒரு மேடை போட்டு, அங்கேருந்து மடக்கு!"

சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள். கிட்டத்தட்ட நான்கு வருடத்துக்குப் பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் பேசியிருந்தார்கள். ஞாயிறு மதியம் சாய்தளம் முடிந்தது. திங்கட்கிழமை காலையில் காத்தாயி கைத்தடியோடு மெதுவாக ஏறி மேலே போய் நின்று, "மூச்சே வாங்கலடி" என்றார். அப்போது எடுத்த படம்தான் தாலுகா ஆபீஸுக்குப் போயிற்று.

ஜனவரியில் வாக்காளர் பட்டியல் வெளியானபோது ஓடைத்தெருவுக்குத் தனி பாகம் இருந்தது. அங்கன்வாடி மையக் கட்டடம், ஓடைத்தெரு என்று அச்சில் போட்டிருந்தது. அறிவரசன் அதை நான்கு தடவை வாய்விட்டுப் படித்தான்.

பிறகு தேர்தல் சூடு ஏறியது. அந்த வருடத்துச் சூடு வேறு மாதிரி. நாட்டைக் காப்பாற்றுவது நாங்கள்தான் என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். டீக்கடையில் பேச்சு கைகலப்பு வரை போனது. தெருவின் வாட்ஸப் குழுவை ஒரு வாரத்துக்கு மூட வேண்டி வந்தது. படித்த பிள்ளைகளுக்குப் பக்கத்து சிமென்ட் ஆலையிலேயே வேலை கிடைக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் ஆசை. யார் வந்தாலும் இந்தப் புழுதி போகாது என்று இன்னொரு வீட்டில் சலிப்பு. வெற்றிச்செல்வி வீட்டிலேயே அறிவரசன் ஒரு பக்கம், காத்தாயி மறு பக்கம். சோறு போடும்போது, "அரசியல் பேசினா ரசம் கெடையாது" என்று அவள் சட்டம் போட்டிருந்தாள். பூத்தைக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று இரண்டு கட்சியும் தட்டி வைத்தன. ராசாங்கமும் பூவரசனும் அவரவர் கட்சித் தட்டியை அவரவரே கழற்றினார்கள்.

ஏப்ரல் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குத்தான் வாக்குப்பதிவு. ஆறரைக்கே வரிசை பால்வாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நின்றது. திருப்பூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள். காத்தாயியை எல்லோரும் முன்னால் விட்டார்கள். உள்ளே போனவர் வெளியே வந்து, மை வைத்த விரலை மடக்காமல் நீட்டியபடியே நின்றார்.

"யாருக்கு அத்தே போட்டீங்க?" என்று எவளோ கேட்டாள்.

"போடி அங்குட்டு! எனக்குத்தான் போட்டுக்கிட்டேன்."

வெற்றிச்செல்வியின் முறை வந்தது. பொத்தானை அழுத்தினாள். 'பீப்' என்று நீளமாக ஒலித்தது. கண்ணாடிக்குள் சின்னம் அச்சான தாள் தெரிந்து, விழுந்தது. வெளியே வந்து சாய்தளத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகிறோம் என்பதே அவளுக்குச் சிறிது நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திய பிறகு, உள்ளேயிருந்து ராசாங்கமும் பூவரசனும் ஒன்றாக வெளியே வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது.

"நானூத்தி நாப்பத்தாறுல நானூத்தி ஒம்போது!" என்று ராசாங்கம் கத்தினார். வெளியூரில் இருந்தவர்களையும் படுத்துக் கிடந்தவர்களையும் கழித்தால் மிச்சம் ஒருவருமில்லை. யாரோ பறையை எடுத்துவந்தார்கள். எட்டு மணி வரை ஆட்டம். வாக்கு இயந்திரப் பெட்டியை ஏற்ற வந்த போலீஸ்காரர்கூடத் தாளம் போட்டார்.

ஜூனில் முடிவு வந்தது. நாட்டில் ஒரு கதை, தொகுதியில் ஒரு கதை. ஓடைத்தெருவின் ஓட்டு மட்டும் முதல் முறையாகத் தனியாகத் தெரிந்தது. இரண்டு கட்சிக்கும் நடுவே பதினேழே ஓட்டு. அந்தப் பதினேழு செய்த வேலை யாரும் எதிர்பார்க்காதது. முன்னால் வந்தவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்ளவும், பின்தங்கியவர்கள் அதைப் பிடிக்கவும், ஒரே மாதத்தில் இரு தரப்பும் தெருவுக்கு வந்து பாயில் உட்கார்ந்தன. வெற்றிச்செல்வி இருவரிடமும் ஒரே தாளைக் கொடுத்தாள். மைன்ஸைச் சுற்றி வேலி, பள்ளிக்கூட நேரத்தில் லாரிக்குத் தடை.

தீபாவளிக்குள் வேலி வந்தது. பொங்கல் முடிந்து லாரிக்குத் தடை வந்தது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை டிப்பர்கள் ஓரங்கட்டி நிற்க வேண்டும். "ஒன்னால எனக்கு ஒரு ட்ரிப்பு போச்சு" என்று அறிவரசன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். குறை மாதிரித்தான் சொன்னான், முகம் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசாங்கமும் பூவரசனும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அவள் வார்டு மெம்பருக்கு நிற்க வேண்டும் என்றார்கள், அவரவர் கட்சி ஆதரவோடு.

"ஒங்க ரெண்டு கட்சிப் பக்கமும் சேராம, தனியா நின்னா போடுவீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவரசன்தான் முதலில் வாய் திறந்தார்.

"மச்சான் போட்டா நான் போடறேன்."

"எனக்கு முன்னாடி இவரு போய் வரிசையில நிப்பாரு, பாரேன்" என்றார் ராசாங்கம்.

வெற்றிச்செல்வி உள்ளே போய்த் தன்னையும் சேர்த்து மூன்று பேருக்கும் டீ வைத்தாள். நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேட்புமனு எங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.