கன்மலைக் கச்சேரி

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தபோது, என் பதினேழாவது வயதில், திருவனந்தபுரத்துக்கு ஒரு ராக் கச்சேரி கேட்கப் போனேன், அப்பாவோடு.

எங்கள் வீடு கேரள எல்லையை ஒட்டிய குளத்தூர் பக்கம். மிஷன் காலத்துச் சர்ச்சின் பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பேஸ், அதாவது அடிக்குரல். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை அதிரும். அம்மாவை அடக்கம் செய்த நாளோடு அது நின்றுபோனது. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போவார், எல்லோரோடும் எழுந்து நிற்பார், வாய் மட்டும் திறக்காது. தொண்டைக்கு ஏதோ வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பிப் பயந்தேன். அந்தக் குரலும் போய்விட்டால் வீட்டில் அப்புறம் என்ன மிச்சம்? இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடுகிற புராக்ரசிவ் ராக்குக்குள் குடியேறிவிட்டேன்.

தனுவச்சபுரத்தில் ஒரு மதிலில் போஸ்டரைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். ராக் கச்சேரி என்றுதான் சொன்னேன்.

“ஒத்தைக்குப் போவாண்டாம். நானும் வாறேன்” என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று இருந்தது. பஸ் அமரவிளையைத் தாண்டும்போதுதான் அவர் மடியில் பைபிளைக் கவனித்தேன்.

“பைபிள் எதுக்குப்பா?”

“ராக்குன்னா கன்மலைல்லா? கர்த்தர் என் கன்மலை. நல்ல பேராக்கும் வச்சிருக்கானுவ.”

ராக் என்றால் பாறை; பைபிள் தமிழில் பாறைக்குக் கன்மலை என்று பெயர். அப்பா அதை ஏதோ ஊழியக் குழுவின் பெயர் என்று நினைத்துக் கிளம்பியிருக்கிறார். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“சரி, புறப்பட்டாச்சுல்லா. என்னதான் பாடுகானுவன்னு பாப்போம்” என்றார்.

அரங்கம் முழுக்கக் கறுப்பு டீ ஷர்ட்டுகள். நடுவில் வெள்ளைச் சட்டையில் அப்பா. டிரம்ஸ் ஏழு ஏழாக எண்ணி ஓட, பைபிள் அட்டைமேல் தாளம் போட்ட அவர் விரல் தடுமாறித் தடுமாறி நின்றது. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

பிறகு எல்லாச் சத்தமும் அடங்கி, ஆர்கன் மட்டும் தனியே எழுந்தது. எங்கள் சர்ச்சில் ஆர்கன் முதல் அடியை வாசித்ததும் சபை எழுந்து நிற்கும். அப்பா எழுந்துவிட்டார். அத்தனை பேரில் அவர் ஒருவர் மட்டும்.

“இரிக்கு அங்கிளே, காணான் வய்யா!” என்று பின்னாலிருந்து மலையாளத்தில் சத்தம் போட்டார்கள், மேடை தெரியவில்லையாம்.

மானம் போகிறதே என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்காரவில்லை. மறுபடி இழுக்க முதுகில் கை வைத்தபோது அதிர்வு தெரிந்தது. அப்பா பாடிக்கொண்டிருந்தார். வார்த்தை கிடையாது, ஆர்கனுக்குக் கீழே ராகம் மட்டும். குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் கையை எடுக்கவே மறந்துபோனேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். “அப்போ நாளைக்குச் சர்ச்சுல பாடுவியளா?”



“அங்க பாட்டுக்கு வார்த்தை உண்டு மக்கா. ஆண்டவரே நன்றின்னு வாயத் தொறந்து சொல்லணும். அவரு உங்கம்மைய எடுத்த பொறவு அது எனக்கு வரல்ல. இங்க வார்த்தை இல்லல்லா, அதனால பாடிட்டேன்.”

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் பெண்கள் பக்கம் போகாமல் அப்பாவின் அருகில் போய் நின்றேன். பலர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு தொடங்கியதும் புத்தகத்தைத் திறக்காமல், வார்த்தையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் முனகினேன். இரண்டாவது சரணத்தில் அப்பா சேர்ந்துகொண்டார்.