மாமா அனுப்பாத சம்பளம்

வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு இஞ்ச வீட்டில இருந்து வேலை செய்யிற ஆக்களுக்குச் சட்டப்படி சம்பளம் குடுக்கிறதுதான் என்ர தொழில். சம்பளம் குடுக்கிறது சுகம், சட்டப்படி குடுக்கிறதிலதான் சீவன் போகுது.

கிளிநொச்சியில, சீமெந்துக் கடை ஒண்டுக்கு மேல எங்கட கந்தோர். முதலாளி நிஸாம் நானா, முல்லைத்தீவு ஆள். அவரும் நானும் ரெண்டு கொம்பியூட்டரும். வெளிநாட்டுக் கொம்பனிக்கு இந்த நாட்டில கிளை இல்லாட்டி, அவையின்ர ஆளை நாங்கள் எங்கட பேரில வேலைக்கு எடுக்கிறம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். எண்ட சேமலாப நிதி, லீவு எல்லாம் எங்களுக்குள்ளால நடக்கும். செலவு கொம்பனியின்ர. இவ்வளவுதான் விசயம். இதை ஒராளுக்கு விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போகும். நீங்களும் ஒரு நாளாவது ஏதோ ஒரு கவுண்டருக்கு முன்னால நிண்டு, "நான் உண்மையா வேலைதான் செய்யிறன்" எண்டு கெஞ்சின ஆளெண்டா, வாங்கோ, பக்கத்தில இருங்கோ.

மாமா எந்த நாடு?

தர்சினி முரசுமோட்டைப் பிள்ளை. புருசன் வயல் செய்யிறார். பல் வைத்தியர்மாருக்குக் கொம்பியூட்டர் புறோகிராம் செய்யிற டென்மார்க் கொம்பனி ஒண்டுக்கு, அந்தப் புறோகிராமில பிழை கண்டுபிடிச்சுச் சொல்லுறது அவாவின்ர வேலை. மூண்டு வருசமா, நாளுக்கு எட்டு மணித்தியாலம், ஒரே கதிரை. ஆனா கொம்பனிக் கடதாசியில அவா ஊழியர் இல்லை, 'சுயாதீன ஒப்பந்தக்காரி'. லீவு இல்லை, ஈ.பி.எஃப். இல்லை, நாளைக்கு வேண்டாமெண்டா வேண்டாம். வயித்தில பிள்ளை தங்கினாப் பிறகு எங்களைத் தேடி வந்தவா. "பிள்ளை பிறந்தா எனக்குச் சம்பளத்தோட லீவு கிடைக்குமோ, அக்கா?" எண்டதுதான் கேட்ட ஒரே கேள்வி. ஊழியர் எண்டு எழுதின கடிதம் இருந்தா எண்பத்துநாலு வேலை நாள் கிடைக்கும். கடிதம் இல்லாட்டி ஒரு நாளும் இல்லை.

கொம்பனியைக் கேக்க முதல், மூண்டு வருசம் வேலை செய்ததுக்கு அத்தாட்சி வேணும். சரியெண்டு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனன், மாசா மாசம் சம்பளம் வந்ததெண்டு ஒரு கடிதம் எடுப்பமெண்டு. அங்க இருந்த தம்பி திரையைப் பாத்தார். தர்சினியைப் பாத்தார். "மாமா எந்த நாட்டில?" எண்டார். மாமா இல்லை, சம்பளம் எண்டன். சம்பளச் சீட்டு இல்லாமல் வெளிநாட்டில இருந்து வாற காசை உறவினர் உதவி எண்டுதான் தாங்கள் பதியிறது எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. வன்னியில வீட்டுக்கு ஒராள் வெளியால இருக்கிறது உண்மைதான். அதுக்காக இஞ்ச இருக்கிறவை உழைக்கிறதெல்லாம் அவையின்ர தயவோ? கழுத்து நோக நோக இருந்து உழைச்ச பிள்ளை பக்கத்தில நிக்குது, அவர் என்னைச் சமாதானப்படுத்துறார்:

"கோவிக்காதேங்கோ அக்கா, ஒரு மாசமும் பிந்தாம அனுப்பியிருக்கிறார், அருமையான மாமா."

பலகை இல்லாத கந்தோர்

வங்கி கைவிட்டால், ஊர்ப் பதிவு வைச்சிருக்கிற கிராம சேவகர். அவர் மோட்டச்சைக்கிளில நேரில வந்தவர், அதுக்கு நன்றி. பதிவில புருசனுக்கு 'விவசாயம்' எண்டு ஏற்கெனவே கிடந்தது. வயலைக் காட்டு எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. தர்சினிக்கு நேரே 'தொழில்: இல்லை'. அதை மாத்தச் சொன்னன். அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் மேசை, கொம்பியூட்டர், கரண்ட் நிண்டா ஓடுறதுக்கு வாங்கி வைச்ச பற்றறி, எல்லாம் காட்டினன். அந்த நேரம் டென்மார்க்கில இருந்து ஒருத்தி திரையில தர்சினியோட கதைச்சுக்கொண்டும் இருந்தவள். அவர் எட்டிப் பாத்து அவளுக்குத் தலையும் ஆட்டினார். பிறகு முற்றத்துக்கு வந்து, பேனையைத் திறந்து, திரும்ப மூடி, சட்டைப் பையில கொழுவிப்போட்டு ஆறுதலாச் சொன்னார்:

"ஒரு பெயர்ப்பலகை அடிச்சுக் கேற்றில கொழுவுங்கோ, நான் இப்பவே மாத்தி எழுதித் தாறன்."

கம்பளித் தொப்பி

இனிக் கொம்பனி. தர்சினிக்கு மேலாளர் யெஸ்பர் எண்ட ஒரு பெடியன். திரையில வந்து பல்லெல்லாம் தெரியச் சிரிச்சார். நியமனக் கடிதம் எண்டு நான் வாய் திறக்க, சிரிப்புச் சுருங்கிப்போச்சுது. தாங்கள் எல்லாரும் ஒரு குடும்பமாம். தர்சினி தன்ர தங்கச்சி மாதிரியாம். குடும்பத்துக்குள்ள கடதாசி வந்தா அன்பு கெட்டுப்போகுமாம். அங்க வங்கியில மாமா, இஞ்ச அண்ணன். இந்தப் பிள்ளைக்கு உலகம் முழுக்கச் சொந்தம், ஒரு முதலாளிதான் இல்லை.

ரெண்டு கிழமையால தர்சினிக்குத் தபாற்கந்தோரில இருந்து துண்டு வந்தது. வரி கட்டிப் பார்சலை எடுக்கச் சொல்லி. எடுத்துக்கொண்டு நேரே எங்கட கந்தோருக்கு வந்து மேசையில வைச்சுப் பிரிச்சவா. எல்லாரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து மட்டை. பிறக்கப்போற பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி. கம்பளிக் காலுறை ரெண்டு சோடி. வெளியில வெயில் கொளுத்துது, மின்விசிறி சுடுகாத்தைச் சுத்திச் சுத்தி அடிக்குது. தர்சினி அந்தத் தொப்பியைக் கையில மாட்டிப் பாத்துப்போட்டு என்னைப் பாத்துச் சொன்னவா:

"நான் லீவைத்தானே அக்கா கேட்டனான்."

அரை நிமிசத்தில வந்த பதில்

நான் விடேல்லை. தர்சினி வேலை தொடங்கின நாளில இருந்து, அதாவது மூண்டு வருசத்துக்கு முந்தின திகதியைப் போட்டு நியமனக் கடிதத்தை அடிச்சு, பிரசவ லீவைப் பற்றி வடிவா எழுதி, சம்மதம் கேட்டு யெஸ்பருக்கு மெயில் அனுப்பினன். அரை நிமிசத்தில பதில். பரவாயில்லையே எண்டு திறந்தால், அது தானா வாற பதில். தனக்குப் பிள்ளை பிறந்திருக்காம். மகனோட இருக்கிறதுக்காக அஞ்சு மாசம் லீவாம். அவசரமெண்டா வேற ஆளைத் தொடர்பு கொள்ளட்டாம்.

வாசிச்ச உடன நான் எழும்பி நிண்டு பேசின பேச்சு கீழ சீமெந்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். தகப்பனுக்கு அஞ்சு மாசம், பெறுகிற தாய்க்குக் காலுறை! நிஸாம் நானா கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சார். அவர் சத்தம் போடுற ஆளில்லை.

"அந்தாள் லீவு எடுத்தது நல்லதுதானே தங்கச்சி, இதை அப்பிடியே அவங்கட பெரியாளுக்கு அனுப்பிவிடுங்க" எண்டார்.

புதுத் திகதி

அனுப்பினன். நியமனக் கடிதத்தையும் இணைச்சு, கீழ ஒரு வரி மட்டும் எழுதினன்: 'உங்கள் மேலாளருக்கு உங்கள் நாட்டுச் சட்டம், எங்கள் தர்சினிக்கு எங்கள் நாட்டுச் சட்டம்.' கொம்பனித் தலைவி ரெண்டாம் நாள் பதில் போட்டா. எண்பத்துநாலு நாளும் சம்பளத்தோட சம்மதம். சந்தோசத்தில அதை நிஸாம் நானாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினன். பிறகு இணைப்பைத் திறந்து பாத்தன். கடிதத்தில நான் போட்ட திகதியை வெட்டி இந்த மாசத் திகதியைப் போட்டிருந்தவா. பழைய காலத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம், புதுசாத் தொடங்குவமாம். மூண்டு வருச ஈ.பி.எஃப்., மூண்டு வருசச் சேவை, எல்லாம் அவாவின்ர ஒரு கோட்டோட போச்சுது.

கடிதத்தைக் கொண்டு முரசுமோட்டைக்குப் போனன். பிள்ளை பிறக்க மூண்டு கிழமைதான் இருந்தது. தர்சினியின்ர கால் ரெண்டும் வீங்கிப்போய், மர வாங்கில தூக்கி வைச்சுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தவா. "கையெழுத்து வையாதை பிள்ளை, இந்தத் திகதிக்கு நான் சண்டை பிடிக்கிறன்" எண்டன். "சண்டை முடிய எவ்வளவு காலம் எடுக்கும், அக்கா?" எண்டு கேட்டவா.  மூண்டு கிழமையில முடியாது எண்டு மட்டும் சொன்னன். அவா பேனையை வாங்கி, எல்லாப் பக்கத்திலயும் வடிவாக் கையெழுத்து வைச்சு, கடிதத்தை மடிச்சு என்ர கையில தந்தவா.

"அப்ப அந்த மூண்டு வருசமும் மாமா அனுப்பினதுதான், என்ன அக்கா?"

எங்கட தொழிலில, வேலை செய்த ஆளுக்குக் கடதாசி எடுக்க ஆறு மாசம் அலையோணும், இல்லாத மாமாவுக்கு ஒரு கடதாசியும் தேவையில்லை.